64 ரீடர்கள் ஒரே நேரத்தில்: வளையப் பஃபரைச் சோதிக்கும் முறை

மாரிமழையில் மட்டக்களப்பு வாவி நிரம்பும்போது முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். அங்கே ஓர் உணரி நீர்மட்டத்தை இடைவிடாது அனுப்புவதாகவும், கல்லடி, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி எனப் பல இடத்துத் திரைகள் அதை ஒரே நேரத்தில் வாசிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பாதி பழையதும் பாதி புதியதுமான பதிவு எந்தத் திரையிலும் தோன்றக் கூடாது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தரவைத் தொடவிடும் மியூட்டெக்ஸ் பூட்டைப் போட்டால், 1924 இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தில் எதிர்ப்பக்க வாகனங்களுக்காகக் காத்து நின்றதைப் போல, ரீடர்கள், அதாவது தரவை வாசிக்கும் நிரல் பகுதிகள், வரிசையில் நிற்க நேரும். ஆகவே பூட்டில்லாத வளையப் பஃபரை, அதாவது கடைசி இடம் நிறைந்ததும் முதலிடத்திலிருந்து மேலெழுதும் தற்காலிகச் சேமிப்பை, கோ (Go) நிரல் மொழியில் எழுதிச் சோதிப்போம்.

படி 1. பஃபருக்கு 8 இடங்கள் மட்டும் கொடுங்கள். உண்மைப் பயன்பாட்டில் 1024 இருக்கலாம். ஆனால் வளையம் சிறிதாக இருந்தால்தான் ரைட்டர், அதாவது தரவை எழுதும் பகுதி, அடிக்கடி சுற்றிவந்து ரீடரின் மேல் ஏறுவார், பிழையும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு வரிசை எண்ணும் இரண்டு தரவுப் புலங்களும் இருக்கட்டும். மூன்றும் அட்டாமிக் மாறிகளாக, அதாவது ஒவ்வொன்றையும் பாதியில் துண்டிக்கப்படாமல் ஒரே வீச்சில் வாசிக்கவும் எழுதவும் கூடியவையாக, இருக்க வேண்டும்.

படி 2. பூச்சியத்திலிருந்து எண்ணப்படும் n ஆவது நிகழ்வை எழுதும் ரைட்டர், முதலில் வரிசை எண்ணில் 2n+1 என்று இட்டு, தரவை எழுதி முடித்தபின் 2n+2 என்று மாற்றுவார். n ஐத் தேடும் ரீடர் 2n+2 ஐக் கண்டால் மட்டும் தரவை எடுத்து, வரிசை எண்ணை மறுபடியும் பார்ப்பார். எண் சிறிதாக இருந்தால் காத்திருப்பார். பெரிதாக இருந்தாலோ, இடையில் மாறியிருந்தாலோ, அந்நிகழ்வை இழந்ததாகக் கணக்கிட்டு அடுத்ததற்குப் போவார்.

படி 3. முதற்புலத்தில் n, இரண்டாவதில் அதன் மும்மடங்கு என எழுதுங்கள். மும்மடங்கு பொருந்தாவிட்டால் பதிவு கிழிந்துவிட்டது என்று பொருள். 64 ரீடர்களையும் ஒரு சேனலில் (கோவில் இணையாக ஓடும் பகுதிகள் செய்தி பரிமாறும் வழி) நிறுத்திவைத்து, அதை மூடி ஒரே கணத்தில் விடுங்கள். ரைட்டர் இடையிடையே நின்று மற்றவை ஓட வழிவிடட்டும். வாசிக்கும் சுற்றுக்குள் எதையும் அச்சிடாதீர்கள்: அச்சிடுவதே ரீடர்களை வரிசைப்படுத்திப் பிழையை மறைத்துவிடும். எண்ணிக்கைகளைத் தனித்தனியாக வைத்து இறுதியில் சேர்த்தால் போதும்.

படி 4. ஒவ்வொரு ரீடருக்கும் பெற்றவையும் இழந்தவையும் கூடி, ரைட்டர் எழுதிய மொத்தத்துக்குச் சமமாக வேண்டும். பெற்றவை பூச்சியமானால் எதுவும் சோதிக்கப்படவில்லை. இழந்தவை பூச்சியமானால் வளையம் சுற்றி மோதவேயில்லை. இந்த இரண்டு நிலைகளையும் தோல்வியாகவே கருதுங்கள். தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான்.

படி 5. இப்போது நிரலை வேண்டுமென்றே கெடுங்கள். ரீடர் வரிசை எண்ணை இரண்டாம் முறை பார்க்கும் வரியை நீக்கி ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். மும்மடங்குப் பிழை வரவேண்டும். வராவிட்டால் உங்கள் சோதனைதான் பலவீனமானது: ரைட்டர் இரு புலங்களுக்கும் இடையில் வழிவிடுமாறு செய்து, மறுபடி முயலுங்கள். தோற்பதை ஒருமுறையேனும் கண்ணால் காணாத சோதனையை நான் நம்புவதில்லை.

கடைசியாக, வரியைத் திரும்பச் சேர்த்து, கோவுடன் வரும் ரேஸ் டிடெக்டர் கருவியுடன் ஓட்டுங்கள். ஓட்டம் 2 முதல் 20 மடங்கு வரை மெதுவாகலாம் என்பதால் நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள். ஒழுங்கின்றி நினைவகத்தைத் தொடுவதை அது காட்டும். ஒவ்வொரு புலமும் அட்டாமிக்காக இருந்தும் பதிவு கிழிவதை அது காட்டாது. அதைப் பிடிப்பது மும்மடங்குச் சோதனை மட்டுமே.