கதையில் யார் யார்: சிறு குழந்தைகளுக்குச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதையை வாசித்து முடித்து, புத்தகத்தை மூடிவிட்டு, "சரி, இதுல யாரெல்லாம் வந்தாங்க, சொல்லு" என்று கேட்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு அது வெறும் ஞாபகப் பரீட்சை. யார் என்ன செய்தார்கள் என்று நன்றாகவே புரிந்துகொண்ட குழந்தைகூடப் பெயர் வராமல் விழிக்கும். நாமோ "கவனிக்கவே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவோம். புத்தகம் திறந்திருக்கும்போதே கேளுங்கள். "குடையைத் தொலைச்சது யாரு?" என்றதும் குழந்தை ஆமையின் மேல் விரலை வைத்தால் அதுவே முழுமையான பதில். கதாபாத்திரம் என்ற சொல்லெல்லாம் மெதுவாக வரட்டும்.

படத்தில் இருப்பதையெல்லாம் குழந்தை எண்ணத் தொடங்கும்: முயல், ஆமை, மரம், சூரியன், பந்து. உடனே நாம் "மனுஷங்களும் மிருகங்களும் மட்டும்தான்" என்று ஒரு விதியைச் சொல்லிவிடுகிறோம். மறுநாளே, கோபித்துக்கொண்டு மழை தர மறுக்கும் மேகத்தின் கதை கைக்கு வரும். அப்போது அந்த விதி என்ன ஆவது? உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அது கதைக்குள் எதையாவது விரும்புகிறதா, தானாக ஏதாவது செய்கிறதா என்று பார்ப்பது எப்போதும் கைகொடுக்கும். "மரம் என்ன பண்ணுச்சு?" என்று கேட்டால் "சும்மா நின்னுச்சு" என்று பதில் வரும். "மேகம்?" என்றால் "கோவிச்சுக்கிச்சு." வித்தியாசம் அங்கேயே விளங்கிவிடும். இடையில் சில சிக்கலான ஆட்களும் உண்டு. எழுத்தில் ஒரு வரிகூட இல்லாமல், ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தூங்கும் நாயைக் கணக்கில் சேர்ப்பதா? நானாக இருந்தால் தீர்ப்புச் சொல்லாமல் குழந்தையையே வாதாட விடுவேன்.

பெரியவர்கள் கவனிக்கத் தவறுவது இன்னொன்று உண்டு. முதல் பக்கத்தில் நேராக நிற்கும் முயலும், நான்காம் பக்கத்தில் மழைக்கோட்டு போட்டு முதுகைக் காட்டி நிற்கும் முயலும் ஒன்றுதான் என்பது சின்னக் குழந்தைக்குத் தானாகத் தெரிந்துவிடாது. "இதுவும் அதே முயல்தானா? எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டால் காதில் உள்ள புள்ளியைத் தேடும்.

வாசிக்கும் விதத்திலும் குழப்பம் நேர்கிறது. மேற்கோள் குறி நம் கண்ணுக்குத் தெரியும், குழந்தையின் காதுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, நம் மொழியில் பேச்சு முழுக்க வந்த பிறகுதான் 'என்றது நரி' என்று வரும். அதுவரை பேசுவது யார் என்று குழந்தைக்குப் பிடிபடாது. "நரி சொல்லுது" என்று முன்னால் சேர்த்துக்கொண்டு, குரலையும் கொஞ்சம் மாற்றி வாசித்தால் போதும். அவன், அது என்று வரும் இடங்களிலும் தயங்காமல் பெயரையே சொல்லுங்கள். 'நான் காட்டுக்குப் போனேன்' என்று தொடங்கும் கதையில் இன்னும் கவனம் தேவை. வாசிக்கும் அம்மாதான் காட்டுக்குப் போனாள் என்றே சில குழந்தைகள் நினைத்துக்கொள்ளும்.

பாத்திரத்தின் மனசைப் பற்றி வயதுக்கு மீறிக் கேட்பதும் வழக்கமான தவறு. 1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் குழந்தைகளுக்கு ஒரு சிறு கதை காட்டப்பட்டது. சிறுவன் ஒருவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே சொல்வார்கள். தனக்குத் தெரிந்தது கதையில் வரும் பையனுக்குத் தெரியாது என்பது பொதுவாக நான்கு வயதுக்கு மேல்தான் பிடிபடுகிறது. அதனால், நரி ஏமாற்றுவது காக்கைக்கு ஏன் தெரியவில்லை என்று மூன்று வயதில் கேட்டுவிட்டு, பதில் வராததை மந்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வயதில் "காக்காவுக்கு என்ன வேணும்? அது இப்போ சந்தோஷமா, அழுகையா?" என்பதே நல்ல கேள்வி.

நல்லவன், கெட்டவன் என்று முதல் பக்கத்திலேயே முத்திரை குத்துவதையும் விட்டுவிடலாம். நரி கெட்டது என்று சொல்லிவிட்டால் குழந்தை அதற்குப் பிறகு நரியைப் பார்ப்பதே இல்லை. யார் முக்கியம், யார் துணை என்ற பிரிவினையும் பள்ளிக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தவறான பதில் வந்தால் "இல்லை" என்று வெட்டுவதில் பயன் குறைவு. 1988இல் உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்குப் படப் புத்தகம் வாசித்துக் காட்டுவதில் பயிற்சி கொடுத்தார்கள். ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியைக் கேட்பது, குழந்தை சொன்னதையே எடுத்து இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்வது, இவைதான் அதில் முக்கியம். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றக் குழந்தைகளைவிட முன்னேறியிருந்தது. குழந்தை "பூனை ஓடுச்சு" என்றால் "ஆமா, புலிக்குட்டி பயந்து ஓடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். திருத்தியதும் ஆயிற்று, கதையும் நிற்கவில்லை.

அதற்காகப் பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டால் குழந்தை எழுந்து ஓடிவிடும். முதல் வாசிப்பில் கதையை மட்டும் சொல்லுங்கள். அதே கதை திரும்ப வேண்டும் என்று குழந்தையே கேட்கும் நாளில் இரண்டு மூன்று கேள்விகள் போதும்.