தோட்டத்து ஊரிலிருந்து கடலுக்கு: கயாக் பயணத்துக்கு இடம் பார்ப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் பெரும்பாலும் மாசி மகம்தான். விடிவதற்குமுன் எழுந்து, லுமுட்டில் படகேறி, பங்கோர் தீவுப் பத்திரகாளியம்மனைக் கும்பிட்டு, காலை நனைத்துவிட்டு, இருட்டுவதற்குள் செம்பனைக் காட்டுக்குத் திரும்பிவிடுவோம். லுமுட் எங்கள் வாசலிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரம். இருந்தும் அந்தக் கடலில் கயாக் என்ற சிறு படகில் நாமே துடுப்புப் போடலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. நான் முதன்முதலில் பேச்செடுத்தபோது அம்மா கேட்டது: "பால்மரம் வெட்டிய குடும்பத்துக்குப் படகு எதற்கடா?"

சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். புதிதாக ஆசைப்படும் தம்பி தங்கைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, எங்கே போனால் நன்றாக இருக்கும்?" கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இங்கே போகலாமா என்பார்கள். நான் தலைகீழாகத் தேடச் சொல்வேன். திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள். அது சரியாக அமைந்தால் போகும் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தக் கணக்கில் வந்தவை.

படி 1: மாதம் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் உள்ள கிழக்குக் கரையை மறந்துவிடுங்கள். அங்கே பல தங்கும் விடுதிகளே மூடிக் கிடக்கும். அப்போது மேற்குக் கரை நமக்கு. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை கிழக்குத் தீவுகள் தெளிந்த நீரோடு காத்திருக்கும்.

மேற்குக் கரையில் ஒரு வில்லங்கம் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ராவில் பிறந்து நீரிணையைக் கடந்து வரும் புயல்மழை வரிசை பின்னிரவிலும் விடியற்காலையிலும் நம் கரையைத் தாக்கும். மேற்கே கறுத்த சுவர்போல ஒரு மேகம் எழும். கொஞ்ச நேரத்தில் காற்று மரத்தை வளைக்கும். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையை முந்திய இரவும் அன்று காலையும் பாருங்கள். இரவு பார்த்தது போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

படி 2: நாட்காட்டியில் நிலவைப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கோ இதுதான் பாதிப் பயணம்.

மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இருமுறை தண்ணீர் ஏறும், இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்து ஏற்றமும் வற்றமும் உச்சத்தில் இருக்கும், நீரோட்டமும் வேகமாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கடல் சோம்பலாக அசையும். மளிகைக் கடையில் கொடுத்த தினக் காலண்டர் சுவரில் தொங்குகிறதே, அதில் திதி போட்டிருக்கும். முதல் சில பயணங்களுக்கு அஷ்டமி, நவமி நாட்களைத் தேர்ந்தெடுங்கள். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று பாட்டி ஒதுக்கும் அதே நாட்கள்தான், துடுப்புக்கு உகந்தவை. மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால்தான், சாமி நீராடும் நாளில் காலையில் நாம் நின்ற இடம் பிற்பகலில் வேறு இடமாகத் தெரிகிறது.

சரியான நேரத்துக்குத் தேசிய நீர்வரைவியல் மையத்தின் ஏற்ற இறக்க அட்டவணை இருக்கிறது. லுமுட்டுக்குத் தனிப் பக்கம் உண்டு. மலாயில் பாசாங் என்றால் ஏற்றம், சுருட் என்றால் வற்றம்.

தண்ணீர் ஒரே சீராக வற்றாது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரியுங்கள். முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 2.4 மீட்டர் என்றால், முதல் மணியில் 20 சென்டிமீட்டர்தான் குறையும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் 1.2 மீட்டர் போய்விடும். இடுப்பளவு நீர் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும்.

எனக்கு இது தெரியாத காலத்தில், பங்கோரின் தெலுக் நிப்பா கடற்கரைக்கு எதிரே உள்ள கியாம் தீவுக்குப் போனேன். கரையிலிருந்து எறிந்தால் தொட்டுவிடலாம் போன்ற தூரம். போகும்போது பாறைகள் ஒரு முழம் ஆழத்தில் பச்சையாகத் தெரிந்தன. கட்டிக்கொண்டு போன நாசி லெமாக்கைச் சாப்பிட்டு, படுத்து, பாடி, திரும்பலாம் என்று எழுந்தால் பாறைகள் நீருக்கு மேலே தலைகாட்டிக்கொண்டிருந்தன. கயாக்கைத் தூக்கவும் முடியவில்லை, மிதக்கவிடவும் முடியவில்லை. வெறுங்காலோடு இழுத்ததில் சிப்பிகள் பாதத்தைக் கோடு கோடாகக் கிழித்தன. ஒரு வாரம் செருப்புப் போட முடியாமல் வேலைக்குப் போனேன். ரப்பர் அடியுள்ள காலணி இல்லாமல் கயாக்கில் ஏறாதீர்கள்.

படி 3: வரைபடத்தில் கரையின் வடிவத்தைப் படியுங்கள்

கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து நான்கைத் தேடுங்கள்: உள்வாங்கி வளைந்த குடா, நடுநடுவே இறங்கக்கூடிய மணல், கப்பல் போகாத நீர், அன்றைய காற்றுக்கு முதுகு காட்டும் மலை. முனைகளைக் கண்டால் எச்சரிக்கை. நீரோட்டம் முனையில்தான் திரும்பி முறுக்கும்.

காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். புதியவர்கள் ஏமாறுவது அங்கேதான். கரையோரம் அமைதி, நூறு மீட்டர் தள்ளிப் போனால் காற்று உங்களைச் சுமத்ரா பக்கம் தள்ளத் தொடங்கும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் நினைக்காமல் நேரத்தில் நினையுங்கள். வாடகைக் கயாக்கில் புதியவர் மணிக்கு 4 கிலோமீட்டர் போகலாம். இரண்டு கிலோமீட்டரில் உள்ள தீவு அரை மணி நேரம். மணிக்கு 2 கிலோமீட்டர் நீரோட்டம் உதவினால் 20 நிமிடத்தில் போய்ச் சேர்ந்து, "இவ்வளவுதானா?" என்பீர்கள். அதே ஓட்டத்தை எதிர்த்துத் திரும்ப ஒரு மணி நேரம். கை ஓய்ந்து உங்கள் வேகம் 3 ஆகிவிட்டால் இரண்டு மணி நேரம். ஆகவே போகும்போது எதிர்த்துப் போய், வரும்போது உதவி வாங்கும்படி நேரத்தை அமையுங்கள். காலை ஏழரைக்கு இறங்கி, கடற்காற்று எழும்பும் பதினொன்றுக்குள் கரையேறுவது என் வழக்கம். தோட்டத்தில் விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு எழுந்த குடும்பத்தில் பிறந்ததால் அந்த நேரம் எனக்குச் சிரமமாக இருந்ததில்லை.

படி 4: அங்கே என்ன கிடைக்கும்?

இப்போதுதான் அழகைப் பற்றிப் பேசலாம். எங்கள் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

தெலுக் பாத்தேக், லுமுட் அருகே. உள்வாங்கிய குடா, வாடகைக் கயாக் கிடைக்கும், சிறப்பாகப் பார்க்க ஒன்றுமில்லை. அதுதான் வேண்டும். கவிழ்ந்த கயாக்கில் மறுபடி ஏறுவதை மார்பளவு நீரில் பத்து முறை பழக வேறு நல்ல இடம் தெரியாது.

அடுத்தது தெலுக் நிப்பா. கியாம், மெந்தாகோர் என்று எதிரே இரண்டு தீவுகள். மாலையில் விடுதிக் கூரைகளுக்கு வரும் இருவாச்சிகள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை நேராக வரும், அப்போது வேண்டாம். லுமுட்டிலிருந்து பங்கோருக்குக் கயாக்கிலேயே கடந்துவிடலாமா என்று வரைபடத்தைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. பயணிகள் படகு, மீன்பிடிப் படகு, கடற்படைத் தளம், பெருங்கப்பல் துறைமுகம் எல்லாம் அந்தச் சின்ன இடத்தில்தான். டிக்கெட் எடுத்துப் படகில் போங்கள்.

கொஞ்சம் பழகிய பிறகு பினாங்கின் தெலுக் பஹாங். 2003இல் தேசியப் பூங்காவான காட்டின் ஓரமாகவே, கரையை விடாமல் குரங்குக் கடற்கரைவரை போகலாம். அதற்கு மேலே முக்கா முனையில் 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம். அந்த முனையைச் சுற்றிப் போக ஆசை வரும், அன்றைக்கு வேண்டாம்.

லங்காவியில் கிலிம். 2007இல் யுனெஸ்கோ புவிப் பூங்காவாக ஏற்ற தீவுக்கூட்டத்தின் பகுதி. சுண்ணாம்புக் குன்றுகள் நீரிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்க, இடையில் அலையாத்திக் காட்டின் வழியாகப் போகலாம். கருடன் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து தலைக்கு மேலேயே வட்டமிடும். என்னைக் கேட்டால், நாட்டில் புதியவர் காசு கொடுத்துப் போகத் தகுந்த முதல் இடம் இதுதான். விசைப்படகுகள் அலையைக் கிளப்புவதால் வழிகாட்டியோடு போங்கள்.

போர்ட்டிக்சன் பக்கத்துத் தஞ்சோங் துவானில் பிப்ரவரி, மார்ச்சில் நீரிணையைக் கடந்து வரும் கழுகுக் கூட்டத்தைக் கலங்கரை விளக்கத்தருகே நின்று பாருங்கள், கயாக்கிலிருந்து அல்ல. அந்த முனையின் நீரோட்டம் பழகியவர்களுக்கு.

படி 5: கரையில் இருப்பவரைக் கேளுங்கள்

படகுக்காரப் பாக்சிக்கிடம் (மலாய்ப் பெரியவரிடம்), "இங்கே போகலாமா?" என்று கேட்டால் போகலாம் என்றுதான் வரும், வாடகை அவருக்கு. "காற்று எத்தனை மணிக்கு மாறும்? ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கும்? முதலை, இழுதுமீன் உண்டா?" என்று கேளுங்கள். ஆற்று முகத்துவாரம் என்றால் முதலைக் கேள்வியை விடாதீர்கள். அவர் பதில் சொல்வதற்குமுன் கடலைத் திரும்பிப் பார்த்தால், அவர் சொல்லை நம்பலாம்.

படி 6: கிளம்பும் காலை

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், வராவிட்டால் எப்போது அவசர எண் 999ஐ அழைப்பது என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். என் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அம்மாதான் காந்தம் வைத்து ஒட்டுகிறார். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு வாரை இறுக்குங்கள். காலடியில் வைத்துக்கொண்டு போவது போடாததற்குச் சமம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு விசில், நீர்புகாப் பையில் கைப்பேசி. கடலில் வெண்ணுரை அங்கங்கே தலைகாட்டினாலே கரையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

கடைசியாக, வாடகைக் கயாக்கின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். நீரை வடிக்க ஒரு சிறு துளையும் அதற்குத் திருகு மூடியும் இருக்கும். முந்தின நாள் கழுவியவர் திறந்தபடியே விட்டிருக்கலாம். விரலால் திருகிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.