வர்த்தக ஒப்பந்தம் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியா ஏதாவது ஒரு நாட்டோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டால் போதும், இறக்குமதித் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் வரி அட்டவணையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள். எச்.எஸ். எண்ணில், அதாவது சரக்கை வகைப்படுத்தும் சுங்க எண்ணில், இலக்கம் தவறுவதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

வரி பூஜ்யம் என்றதும் படிப்பதை நிறுத்துவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். சமீபத்தில் ஓர் இளைஞர் வந்தார். வியட்நாம் மிளகைக் கொழும்பில் இறக்கி, மூட்டை மாற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுவரலாமாம். இலங்கைச் சரக்குக்குத்தான் வரி இல்லையே என்றார். "தம்பி, அந்த மிளகு எந்த ஊர்க் கொடியில் காய்த்தது?" என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. இலங்கையிலேயே விளைந்த மிளகுக்கும் ஆண்டுக்கு 2,500 டன் வரைதான் அந்தச் சலுகை.

இந்திய–இலங்கை ஒப்பந்தம் 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. வேறு நாட்டு மூலப்பொருளில் செய்த சரக்கு என்றால், அதன் ஏற்றுமதி விலையில் 35 சதவீதமாவது இலங்கையில் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும். மூலப்பொருளின் நான்கு இலக்க எச்.எஸ். எண்ணும் செய்த சரக்கில் மாறியிருக்க வேண்டும். பாமாயில் 1511, வனஸ்பதி 1516. எண் மாறிவிட்டது, சரி. அப்போது இந்தியாவில் பாமாயிலுக்கு வரி அதிகமாக இருந்தது, இலங்கையில் குறைவு. அந்த இடைவெளிக்காகவே இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன.

செம்பில் கணக்கு இன்னும் நுணுக்கம். ஆயிரம் டாலர் சரக்கில் வெளிநாட்டுப் பழைய செம்பு 700 டாலர் என்றால் இலங்கையில் சேர்ந்தது 30 சதவீதம்தான், தேறாது. அதற்கே 640 என்று பில் போட்டால் தேறிவிடும். இப்படி விலையைக் குறைத்துக் காட்டினார்கள் என்பதுதான் அன்று டில்லியின் புகார். அப்புறம் வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு வந்தது. அரசுகள் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுவதில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்துகின்றன. முதல் போட்டவர்தான் வெளியே நிற்பார்.

2020 செப்டம்பர் 21 முதல் கரோட்டார் விதிகள் வேறு இருக்கின்றன. ஒப்பந்தச் சலுகை கேட்பவருக்கான சுங்க விதிகள் அவை. சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று சொல்லும் ஆரிஜின் சர்டிபிகேட் மட்டும் போதாது. சரக்கு அங்கே எப்படித் தயாரானது, மதிப்பை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும், அதுவும் ஐந்தாண்டுகளுக்கு. "சப்ளையர் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்" என்பதெல்லாம் சுங்கத்தில் எடுபடாது.

கையெழுத்தான அன்றே ஆர்டர் போடுவது

ஆஸ்திரேலிய ஒப்பந்தம் கையெழுத்தானது 2022 ஏப்ரல் 2. அமலானது டிசம்பர் 29. சுவிட்சர்லாந்து, நார்வே அடங்கிய எஃப்டா என்ற ஐரோப்பியக் கூட்டமைப்போடு போட்ட ஒப்பந்தம் 2024 மார்ச் 10இல் கையெழுத்தாகி, அமலுக்கு வர 2025 அக்டோபர் 1 ஆனது. இடையில் வந்திறங்கிய கன்டெய்னருக்குப் பழைய வரிதான்.

வர்த்தகப் பற்றாக்குறை எல்லாம் நட்டம் என்பது

ஒரு நாட்டுக்கு விற்பதைவிட அங்கிருந்து வாங்குவது அதிகம் என்றாலே நட்டம் என்பார்கள். அமீரகத்திடம் கச்சா எண்ணெய் வாங்காமல் வண்டி ஓட்டிக் காட்டுங்கள்.

மாநில அரசிடம் மனுக் கொடுப்பது

வெளிநாட்டு வர்த்தகம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. பேச்சுவார்த்தை நடத்துவது வர்த்தக அமைச்சகம், வரி அறிவிக்கை போடுவது நிதி அமைச்சகம். எந்த அமைச்சகத்துக்கு எழுத வேண்டும் என்று பார்த்து எழுதுங்கள்.