முதல் மாதம் ஆறு ஸ்லைடர், அதற்கு மேல் வேண்டாம்

கேமரா கையில் பழகியதும் அடுத்து எல்லோரும் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் எடிட்டிங். மென்பொருளைத் திறந்தால் வலது பக்கம் முழுக்க ஸ்லைடர்கள், எதைத் தொட்டாலும் படம் முன்பைவிட மோசமாகிறது, உடனே ரெடிமேட் ப்ரீசெட் (ஸ்லைடர்களை முன்பே நகர்த்தி வைத்த அமைப்பு) தேடிப் போய்விடுகிறோம். தயவுசெய்து போகாதீர்கள். அது யாரோ ஒருவர் வேறு வெளிச்சத்தில் எடுத்த படத்துக்குச் செய்தது. உங்கள் படத்தில் அது எதை மாற்றியது என்று தெரியாதவரை நீங்கள் எதையும் கற்கவில்லை.

எந்த மென்பொருள் என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். லைட்ரூமுக்குச் சந்தா கட்ட வேண்டும். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒன்றைப் பிடித்து மூன்று மாதமாவது விடாமல் இருங்கள். போட்டோஷாப், கிம்ப் எல்லாம் லேயர் போட்டு வேலை செய்யும்போது தேவைப்படும், அது பிறகு.

அப்புறம், கேமராவை ராவில் (சென்சார் பதிந்ததைக் குறைக்காமல் சேமிக்கும் கோப்பு வகை) வையுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. இருட்டான பகுதியைத் தூக்கும்போது ஜேபெக் படம் திட்டுத்திட்டாக உடைவதும் ரா தாங்குவதும் இதனால்தான். லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி மூன்றும் மூலப் படத்தைத் தொடுவதே இல்லை, நீங்கள் செய்த மாற்றங்களைத் தனியாகக் குறித்துவைக்கும். அதனால் பயப்படாமல் இழுத்துப் பாருங்கள்.

ஆறு ஸ்லைடர் என்றது இவற்றை: ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்தைச் சமன்செய்வது), எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்சம்), ஹைலைட்ஸ் (வெளிச்சமான பகுதிகள்), ஷேடோஸ் (இருட்டான பகுதிகள்), ஒயிட்ஸ் (வெள்ளை முனை), பிளாக்ஸ் (கருப்பு முனை). இவை லைட்ரூமில் உள்ள பெயர்கள், மற்றவற்றில் கொஞ்சம் மாறலாம். ஒயிட் பேலன்ஸ்தான் முதலில் குழப்பும். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் சுமார் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு), பகல் வெளிச்சம் சுமார் 5500. ஆனால் ஸ்லைடரை 3000 பக்கம் இழுத்தால் படம் நீலமாகிறதே என்று தோன்றும். காரணம் இதுதான்: ‘எடுத்த இடத்தில் வெளிச்சம் 3000 ஆக இருந்தது’ என்று நீங்கள் மென்பொருளிடம் சொல்கிறீர்கள், அது அந்த மஞ்சளைச் சமன்செய்ய நீலத்தைச் சேர்க்கிறது. இது ஒருமுறை பிடிபட்டுவிட்டால் நிறம் சம்பந்தமான பாதிப் பயம் போய்விடும்.

எக்ஸ்போஷரில் +1 என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, கேமராவில் ஒரு ஸ்டாப் கூட்டுவது போலத்தான். அதைத் தொடும்போது கண் ஹிஸ்டோகிராமில் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று மேடுகளாகக் காட்டும் வரைபடம்) இருக்கட்டும். இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை. மேடு வலது சுவரில் போய் முட்டி நின்றால் அங்கே விவரம் போயிருக்கலாம், ஹைலைட்ஸைக் குறைத்துப் பாருங்கள், ராவில் பெரும்பாலும் கொஞ்சமாவது திரும்ப வரும். லைட்ரூமில் ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டே (மேக்கில் ஆப்ஷன்) ஒயிட்ஸை இழுத்தால் திரை முழுக்கக் கருப்பாகி, வெளுத்துப்போன இடங்கள் மட்டும் தெரியும். எனக்கு ஹிஸ்டோகிராமையே புரியவைத்தது இந்த ஒரு கீதான். ஆனால் மேடு நடுவில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, இரவுப் படத்தில் அது இடதுபக்கம்தான் இருக்கும்.

அந்த ஆறும் பழகிய பிறகு தொட வேண்டியவை இரண்டு: சாச்சுரேஷன் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் கூட்டும், வைப்ரன்ஸ் மங்கிய நிறங்களை அதிகம் கூட்டும். முகம் உள்ள படத்துக்கு வைப்ரன்ஸே மேல்.

பயிற்சி என்றால் என் வழி இது: ஸ்லைடரைத் தொடும் முன் படத்தைப் பார்த்து, அதில் எது உறுத்துகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். ‘முகம் இருட்டாக இருக்கிறது’, ‘வானம் வெளுத்துவிட்டது’, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ததும் நிறுத்துங்கள். மறுநாள் காலையில் திறந்து பாருங்கள், பாதி ஸ்லைடர்களைப் பின்னால் இழுக்கத் தோன்றும், இழுங்கள்.

திரையின் பிரகாசத்தையும் கவனியுங்கள். முழுப் பிரகாசத்தில் வைத்து எடிட் செய்து நான் முதலில் பிரிண்ட் போட்ட படங்கள் எல்லாமே இருட்டாக வந்தன. இப்போது பாதிக்குக் குறைத்து வைத்துத்தான் உட்காருகிறேன். இணையத்தில் போடுவதற்கு எக்ஸ்போர்ட் செய்யும்போது கலர் ஸ்பேஸ் (படத்தின் நிற வரம்பு) எஸ்ஆர்ஜிபி (sRGB) என்று இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் மற்றவர் திரையில் நிறம் செத்துப்போய்த் தெரியலாம்.