பாட்டா கதை சொல்ல வேண்டுமானால்

ஊர்ப் பெரியவர்களின் கதைகளைப் பதிவு செய்யக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, என்ன மைக் வாங்கலாம், என்னென்ன கேள்வி கேட்கலாம் என்பதுதான். மைக் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த ஊரில் ஏதாவது ஒரு வேலைக்குப் போங்கள், போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தபோது பழகியது இது. எங்கள் வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீஸில் வேலை பார்த்த பெண்கள். அண்டி தல்லித் தல்லி விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருக்கும். அந்த விரலால் சிலேட்டுக் குச்சியைப் பிடித்து ‘ப’ போடும்போது வாய் சும்மா இருக்காது. கல்யாணத்துக்குக் கடன் வாங்கியது, மாமியாரிடம் ஏச்சு வாங்கியது, எல்லாம் வரும். யாரும் கேட்கவில்லை, தானாக வந்தது. கேட்டிருந்தால் “எனக்கு என்ன மக்களே தெரியும்” என்று முடித்திருப்பார்கள்.

எந்த வேலைக்குப் போவது? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளத்துக்குப் பஞ்சமில்லை, ஆகாயத்தாமரைக்கும் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இளைஞர்கள் சேர்ந்து வாருகிற இடங்களில் நீங்களும் இறங்கலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வாரிய செடியைக் கரை ஓரத்திலேயே குவித்தால் அடுத்த மழைக்குத் திரும்பத் தண்ணீருக்குள் போய்விடும். கரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் காயப்போட வேண்டும். நீங்கள் அதைச் சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்கக் கரையில் எப்படியும் ஒரு பாட்டா, அதாவது தாத்தா, நிற்பார். இரண்டாவது வாரம் அவரே குறை சொல்ல ஆரம்பிப்பார். மடை முன்பு எங்கே இருந்தது, கன்னிப்பூ நெல் போகத்துக்கு யார் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கும்பப்பூ போகத்தில் யார் வயல் காய்ந்தது என்று போகும். அந்தக் குறைதான் கதை. அப்போதுகூட உடனே போனை எடுக்க வேண்டாம். “அடுத்த வாரம் இதைச் சொல்லும்போது பதிவு செஞ்சுக்கட்டுமா பாட்டா?” என்று கேட்டுவைத்தால் போதும்.

பதிவு செய்ய உட்காரும்போது வாழ்க்கையைப் பற்றிக் கேட்காதீர்கள், கையில் இருக்கும் பொருளைப் பற்றிக் கேளுங்கள். “உங்க வாழ்க்கை அனுபவத்தைச் சொல்லுங்க” என்றால் மேடைப் பேச்சுதான் வரும். கருப்பட்டி காய்ச்சும் ஒரு அக்காவிடம் நான் கேட்டது, பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இருந்த விதையைப் பற்றி. ஆமணக்கு விதை. அக்கானி (பதநீர்) கொதித்துப் பொங்கி வழியப்போகும் நேரத்தில் இரண்டை நசுக்கிப் போட்டார். நுரை அப்படியே அடங்கியது. இதை யார் சொல்லித் தந்தார்கள் என்றேன். அவருடைய அம்மை. அம்மைக்கு? அங்கிருந்து பேச்சு பனை நின்ற விளைக்குப் (தோப்புக்கு) போனது, பனையிலிருந்து விழுந்த அண்ணனுக்குப் போனது, பாகு பதம் வந்து சிரட்டையில் ஊற்றி முடிக்கும் வரை ஓடியது. நடுவில் நான் பேசியது, சுள்ளியை இந்தப் பக்கம் தள்ளட்டுமா என்பது போன்ற பேச்சு மட்டும்தான்.

கடற்கரை ஊர்களுக்குப் போகிறவர்கள் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகும், 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகும், அங்கே கேமராவோடும் படிவத்தோடும் வந்து போனவர்கள் ஏராளம். மணக்குடியில் பாலம் போனதையும், தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பாததையும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்த வீடுகள் அவை. அழவைத்துவிட்டு பஸ் ஏறுவதற்குப் பெயர் சேவை இல்லை. அந்த நாளைப் பற்றி நீங்களாகத் தொடங்காதீர்கள். மடி (வலை) கட்டுவது, காற்று பார்ப்பது, மீன் ஏலம் என்று பேசுங்கள். அவர்களாக அந்த நாளுக்கு வந்தால் கேளுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். விசைப்படகுத் தடைக்காலத்தில் ஆட்கள் கரையில் இருப்பார்கள்: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வருமானம் இல்லாத மாதங்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சாயாவுக்கு நீங்கள் காசு கொடுங்கள்.

காலக்கணக்குக்கு ஒரு சூத்திரம். பழைய ஆட்களும் பழைய பத்திரங்களும் பேசுவது கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில். ஆவணியில் ஆண்டு பிறக்கும். அதிலிருந்து டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தன் அப்பா பார்த்த ‘தொண்ணூத்தொம்பது வெள்ளம்’ என்று ஒருவர் சொன்னால் 1999 என்று எழுதிவிடாதீர்கள். அது 1099, அதாவது 1924 ஜூலை. ஆண்டே தெரியாதவர்களிடம், 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு முன்பா பின்பா, அப்போது மூத்த பிள்ளை பிறந்தாச்சா என்று கேட்டால் ஏறத்தாழப் பிடித்துவிடலாம்.

மைக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண போன் போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், மடித்த துண்டின் மேல் வையுங்கள், ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். கடற்கரையில் காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும், வள்ளத்தின் மறைவில் உட்காருங்கள். ஊர், தேதி இரண்டையும் பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். அன்று இரவே இன்னொரு இடத்தில் நகல் எடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது அவர் பேச்சில் கை வைக்காதீர்கள். அக்கானி அக்கானியாகவே இருக்கட்டும், பதநீர் ஆக்க வேண்டாம். எழுதி முடித்ததை அவர் முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். அச்சடித்துக் கையில் கொடுத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மூத்தவர்களில் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் உண்டு, தமிழ் எழுத்து அவர்களுக்கு ஓடாது. வாசித்துக் கேட்டால்தான் “அதை எடுத்திரு மக்களே” என்று சொல்ல முடியும். எடுக்கச் சொன்னால் பேசாமல் எடுத்துவிடுங்கள். 1982 மண்டைக்காடு மதக் கலவரம் போன்ற விஷயங்களில், அவர் சொல்லாவிட்டாலும் அக்கம்பக்கத்தார் பெயர்களை நீங்களே நீக்கிவிடுவது நல்லது. சொன்னவர் போய்விட்ட பிறகும் அந்த வீடுகள் அடுத்தடுத்துதான் இருக்கப்போகின்றன.

ஜெராக்ஸ் செலவை நமக்குள் பகிர்ந்துகொள்வோம், புரவலர் பிடித்தால் அட்டையில் அவர் படம் கேட்பார். ஒரு பிரதி சொன்னவர் வீட்டுக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு. நூலகத்தில் வாசிப்புக் கூட்டம் வைத்தால் சாயா வருவதற்கு முன்பே வாசித்து முடித்துவிடுங்கள். சாயா வந்துவிட்டால் “அது அப்படி இல்லை” என்று ஆளாளுக்குத் தங்கள் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு இன்னொரு போன் சார்ஜோடு இருக்கட்டும்.