சருகை லாரியில் ஏற்றிவிட்டு உரக்குழி தோண்டாதீர்கள்

பூங்காக் குப்பையைக் குறைக்கக் கிளம்பும் புதிய குழுக்கள் அவ்வப்போது யோசனை கேட்டு வருவார்கள். வரும்போதே தொட்டிகளின் நிறம் முடிவாகியிருக்கும், அறிவிப்புப் பலகையின் வாசகம்கூடத் தயாராக இருக்கும். ஐந்து நிமிடம் பேசினால் போதும், நாங்கள் தொடங்கிய காலத்தில் நடந்த கோளாறுகள் வரிசை மாறாமல் திரும்ப வரப்போவது தெரிந்துவிடும். தொட்டி வழியும்வரை விடக்கூடாது, உரக்குழியில் கண்ணாடி போடக்கூடாது என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற தவறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

## சருகைக் குப்பையாக நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

மரங்கள் இலை கொட்டுவது ஒரு பருவத்தில், புல் மதமதவென்று வளர்வது வேறொரு பருவத்தில். இலை கொட்டும்போது கூட்டிப் பெருக்கி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். பூங்கா பளிச்சென்று ஆகிவிடுகிறது. சில மாதம் கழித்து உரக்குழி தயாராகும்போது கையில் மிஞ்சுவது வெட்டிய பச்சைப் புல் மட்டும்தான்.

பச்சைப் புல் தனியாக மட்காது, அழுகும். மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை வேண்டும். புதிதாக வெட்டிய புல்லில் அது 20 பங்கைத் தாண்டுவது அரிது. காய்ந்த இலையிலோ 40 முதல் 80 வரை இருக்கும். போதாக்குறைக்குப் புல்லின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். குவித்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டி, காற்றுப் புகாத பாயாக அமுங்கிவிடும். அதற்கப்புறம் உள்ளே நடப்பதெல்லாம் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களின் வேலை. மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறி மூக்கைத் துளைக்கும்.

ஒரு பூங்காவில் இப்படி ஆனபிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். செங்கல் வைத்துக் கட்டிய அழகான மூன்று அறை உரத்தொட்டி. முதல் அறை நிறையப் புல். மேலே காய்ந்து பழுப்பாகத் தெரிந்ததால் "ஈரம் பத்தவில்லை" என்று யாரோ சொல்லியிருக்கிறார், தினமும் குழாயைத் திருப்பித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஒரு கழியை உள்ளே விட்டு இழுத்தேன். கரும்பச்சையாகக் கொழகொழவென்று வந்தது, கூட நின்றவர்கள் நகர்ந்து போய்விட்டார்கள். சுற்றியிருந்த வீடுகளிலிருந்து அதற்குள் புகார் போயிருந்தது. நிர்வாகம் தொட்டியை மூடச் சொல்லிவிட்டது. உள்ளே இருந்த மொத்தமும், விட்ட தண்ணீரின் எடையோடு சேர்த்து, குப்பைக்கிடங்குக்குப் போனது. என்னால் மறக்கமுடியாதது அதற்கடுத்த காட்சிதான். பருவம் தப்பி உதிர்க்கிற இரண்டு மரங்களின் சருகை வேலியோரம் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் குழியைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மூட்டைகள், அதே லாரியில் ஏறிப் போயின.

கிடங்குக்குப் போனால் என்ன, அங்கேயும் மட்கத்தானே போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே டன் கணக்கான குப்பைக்கு அடியில் காற்று கிடையாது. அதனால் மீத்தேன் உண்டாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை அது கரியமில வாயுவைப்போல் சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். எல்லாக் கிடங்கிலும் அந்த வாயுவைப் பிடிக்க ஏற்பாடு இருப்பதில்லை.

ஆகவே குழிக்கு முன்னால் சருகுக்கு இடம் பாருங்கள். ஆள் அதிகம் நடமாடாத மரத்தடியில் கம்பிவலையை வளைத்துக் கூண்டு கட்டினால் போதும். புல்வெட்டும் இயந்திரத்தைச் சருகின் மேல் ஒருமுறை ஓட்டிவிட்டு அள்ளினால் பாதி இடம்கூடப் பிடிக்காது, சீக்கிரமும் மட்கும். எவ்வளவு சேர்க்க வேண்டும்? ஒரு கூடைப் புல்லுக்கு இரண்டு மூன்று கூடைச் சருகு என்பது என் கணக்கு. புல் வளரும் பருவத்தில் வாரத்துக்கு எத்தனை கூடை வரும் என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். வரும் எண்ணைப் பார்த்தால் இனி ஒரு மூட்டையைக்கூட வெளியே அனுப்ப மனசு வராது.

மற்றது சுலபம். குவியல் எந்தப் பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது, சின்னக் குவியலில் சூடு நிற்காது. உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் ஏறினால் சரியாகப் போகிறது; 70-ஐத் தொட்டால் கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும், ஒழுகக்கூடாது. ஏற்கெனவே நாறுகிறது என்றால் தண்ணீர்க் குழாயைத் தூர வைத்துவிட்டு, சருகும் மரச்சில்லும் கலந்து கிளறுங்கள். சில நாளில் நாற்றம் அடங்கிவிடும்.

## எல்லாப் புல்லையும் அள்ளுவது

தேவையே இல்லை. ஒரு வெட்டுக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், வெட்டியதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

## மறுசுழற்சித் தொட்டியைத் தனியாக நிறுத்துவது

பக்கத்தில் சாதாரணக் குப்பைத்தொட்டி இல்லையென்றால், எந்த நிறம் அடித்தாலும் எல்லாம் அதற்குள்தான் விழும். கையில் பாதி தின்ற பொட்டலத்தோடு நிற்பவர் இன்னொரு தொட்டியைத் தேடி நடக்கமாட்டார். இரண்டையும் ஒட்டி வையுங்கள், எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை. பாட்டில் தொட்டிக்கு மூடியில் பாட்டில் நுழைகிற அளவுக்கு வட்டத் துளை மட்டும் இருக்கட்டும். பலகையில் பத்து வரி எழுதுவதைவிட அந்தத் துளை நன்றாக வேலை செய்யும். காகிதத்தையும் பாட்டிலையும் ஒரே தொட்டியில் வாங்காதீர்கள்: பாட்டிலில் மிஞ்சும் பானம் காகிதத்தை நனைத்துவிடும், நனைந்து அழுக்கானதை மறுசுழற்சிக்கு எடுத்துப்போகிறவர் வாங்கமாட்டார்.

எடுத்துப்போகிறவர் யார் என்று கேட்காமல் தொட்டி வாங்கியவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன்.

## மக்கும் பிளாஸ்டிக் கோப்பையை நம்புவது

பெரும்பாலும் அது பிஎல்ஏ என்ற, செடிகளின் மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக். 60 டிகிரியை ஒட்டிய சூடு வாரக்கணக்கில் நின்றால்தான் சிதையும், அது பெரிய உர ஆலைகளில் நடப்பது. பூங்காக் குவியலில் அடுத்த ஆண்டும் கோப்பையாகவே கிடக்கும். சாதாரண பாட்டில்களோடு கலந்தால் அந்த மறுசுழற்சியையும் கெடுக்கும்.

## நாய்க்கழிவு

உரக்குழிக்கு வேண்டாம். அதிலிருக்கும் உருளைப்புழு முட்டைகள் லேசில் சாகாது.

## களைக்கொல்லியை விசாரிக்காமல் விடுவது

புல்வெளியில் குளோபைரலிட், அமினோபைரலிட் போன்ற களைக்கொல்லி அடித்திருந்தால், புல் உரமான பிறகும் அந்த மருந்து தங்கியிருக்கும். குவியலின் சூடு அதை முழுதாக அழிக்காது. மிகச் சிறிய அளவே தக்காளி, பீன்ஸ் செடிகளைக் கோணலாக்கப் போதும். புல் வெட்டுகிறவரிடம் என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லையென்றால், உரத்தை மண்ணோடு கலந்து சில தொட்டிகளிலும், வெறும் மண்ணைச் சில தொட்டிகளிலும் போட்டு, பீன்ஸ் விதை ஊன்றி மூன்று வாரம் பாருங்கள். உரம் போட்டதில் மட்டும் இலை சுருண்டு வந்தால், அந்தக் குவியலைக் காய்கறிப் பாத்தி கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்காமல் புல்வெளியிலேயே பரப்பிவிடுங்கள்.