எத்தனை மூட்டை என்று கேட்காதீர்கள்: கடற்கரைத் தூய்மைப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்கரையில் குப்பை பொறுக்கிவிட்டு வருபவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மூட்டை சேர்ந்தது?" தன்னார்வலர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன. மூட்டையை நிரப்புவதே குறி என்றாகிவிட்டால் கண் பெரிய பொருள்களை மட்டும் தேடும். கை கண்டதையெல்லாம் அள்ளும். எண்ணிக் குறித்துக்கொள்வது வெட்டி வேலையாகத் தோன்றும்.

எண்ணாமல் அள்ளுவதைத்தான் தவறுகளில் பெரியது என்பேன். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரு பெண்கள் தொடங்கிய பணிதான், இன்று செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையையொட்டி உலகெங்கும் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாளாக வளர்ந்திருக்கிறது. வந்தவர்களிடம் சாக்கோடு ஒரு அட்டையையும் கொடுத்து, எடுக்கும் பொருள்களை வகைவாரியாகக் குறிக்கச் சொன்னார்கள் அவர்கள். அப்படிப்பட்ட கணக்கு எதற்கு உதவும் என்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு எதிராகச் சட்டம் இயற்றியபோது, தன் கடற்கரைகளில் அதிகம் கிடந்த பத்துப் பொருள்களைத்தான் குறிவைத்தது. காது குடையும் பஞ்சுக்குச்சி, உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி ஆகியவற்றின் பிளாஸ்டிக் வகைகள் 2021 ஜூலையிலிருந்து அங்கே சந்தைக்கு வர முடியாமல் போயின. கரையில் குனிந்து எண்ணியவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்திருக்கும்?

எடைக் கணக்கால் அந்தப் பயன் கிடைக்காது. தண்ணீரில் ஊறிய ஒரு வலைத்துண்டு ஆயிரம் சிகரெட் துண்டுகளைவிடக் கனக்கும். ஆனால் இரண்டும் வந்த வழி வேறு, தடுக்கும் வழியும் வேறு. நான்கைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் எடுப்பதன் பெயரை உரக்கச் சொன்னால் போதும், வேலை தடையில்லாமல் ஓடும். எல்லாவற்றையும் அள்ளிவிட்டுக் கடைசியில் கொட்டி எண்ணலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வெயில் ஏறியபின் யாரும் எண்ணமாட்டார்கள்.

சின்னதைத் தாண்டிப் போவது அடுத்த தவறு. பல ஆண்டுகளாக உலகக் கணக்கில் முதலிடத்தில் இருந்தது சிகரெட் துண்டு. அதன் வடிகட்டி பஞ்சுபோலத் தெரியும், ஆனால் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் இழை. மட்கிவிடும் என்று காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மணலுக்குள் போனது மறைந்துபோனது ஆகாது. பசிபிக்கில் ஆளே இல்லாத ஹெண்டர்சன் தீவில் 2015இல் ஆய்வு செய்தவர்கள், அங்கே சுமார் 3.77 கோடிப் பிளாஸ்டிக் துண்டுகள் கிடப்பதாக மதிப்பிட்டார்கள். அவற்றில் பெரும்பங்கு மணலுக்குள் புதைந்திருந்தது. நீண்ட கரை முழுவதையும் ஓடி முடிப்பதைவிட, பத்தடிச் சதுரம் ஒன்றில் மண்டியிட்டு உட்கார்ந்து தேடிப் பாருங்கள். குப்பையைப் பற்றிய உங்கள் எண்ணமே மாறும்.

எடுத்த பாட்டிலை அப்படியே சாக்கில் போடாதீர்கள், உள்ளே பாருங்கள். வெப்பமண்டலக் கரைகளில், வாய் மேல்நோக்கியபடி சாய்ந்து கிடக்கும் பாட்டிலுக்குள், காலிச் சங்கை வீடாக்கிக்கொண்டு வாழும் துறவி நண்டு இறங்கிவிடும். வழுவழுப்பான சுவரில் கால் பிடிக்காது, வெளியேற முடியாமல் உள்ளேயே செத்துப்போகும். அது சாகும்போது வரும் வாடை, 'இங்கே ஒரு காலிச் சங்கு இருக்கிறது' என்ற செய்தியாக மற்ற நண்டுகளுக்கு எட்டும். வீடு தேடி அவையும் வந்து அதே பாட்டிலுக்குள் இறங்கும். இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளிலும் ஹெண்டர்சன் தீவிலும் இப்படிச் சிக்கிச் சாகும் நண்டுகள் சுமார் 5,70,000 என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உயிருள்ள நண்டு இருந்தால் நிழலான மணலில் மெல்லக் கொட்டிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று காலிச் சங்குகளை வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். அவைதாம் அந்த நண்டுகளுக்கு வீடு.

அலை விட்டுப்போன கோட்டில் கிடக்கும் கடற்பாசியையும் மரக்கட்டைகளையும் அள்ளி எறிவதும் இதே வகை. சிற்றுயிர்களுக்கு அது உணவும் உறைவிடமும், அந்தச் சிற்றுயிர்கள் கரைப்பறவைகளுக்கு உணவு. பாசிக்குள் சிக்கிய பிளாஸ்டிக்கை விரலால் பிரித்தெடுங்கள். நேரம் பிடிக்கும்தான், அதற்குத்தானே வந்திருக்கிறோம். கனத்த மூட்டையைக் கொடி படர்ந்த மணல்மேட்டின் மேல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மணலைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கொடிதான். ஆமைகள் முட்டையிடும் பருவமானால் எங்கே மிதிக்கக் கூடாது என்பதை முன்னரே கேட்டுவிட வேண்டும்.

பாதுகாப்பில் அசட்டுத் துணிச்சல் உதவாது. ஊசி, அடையாளம் தெரியாத டப்பா, வெடிபொருள் போலத் தெரிவது எதுவாயினும் விலகி நின்று பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். கரையொதுங்கிச் செத்துக் கிடக்கும் ஜெல்லி மீனும் கொட்டும். புதைந்த வலையைப் பலம்கொண்ட மட்டும் இழுக்காமல், வெளியே தெரியும் அளவு வெட்டியெடுங்கள். கடல்நீர் கரையைவிட்டுப் பின்வாங்கும் நேரம் பார்த்துத் தொடங்குங்கள்.

குப்பை பொறுக்கப் போய்க் குப்பை சேர்ப்பதை என்னவென்று சொல்வது! மெல்லிய கையுறை, புதுப் பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில், ஒரு நாளைக்கென்று அச்சடித்த பனியன், பேனர், பலூன் என்று விழா வைத்தே ஒரு மூட்டை நிரம்பிவிடும். துவைத்து மீண்டும் அணியும் தடித்த கையுறை, பழைய சாக்கு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் போதும்.

இதைவிட மோசம், கட்டிய மூட்டைகளைக் கரையோரத்தில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவது. இரவில் நாய் கிழிக்கும், மீதியைக் காற்று கலைக்கும். வண்டி எப்போது வரும், யார் ஏற்றுவார்கள் என்பதை உள்ளாட்சியிடம் முன்னரே பேசி முடிக்காமல் நாள் குறிக்கவே கூடாது. எல்லாம் மறுசுழற்சிக்குப் போகும் என்றும் நம்பிவிடாதீர்கள். உப்பும் மணலும் ஏறி, வெயிலில் நொறுங்கிப்போன பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பது அரிது.

கரையில் கண்ட குப்பைக்குக் கரையில் வாழ்பவர்களைக் குறைசொல்வது எளிது. ஒரு நாள், கடலில் கலக்கும் வாய்க்காலை ஒட்டி ஊருக்குள் நடந்து பாருங்கள். மழை வந்தால் எங்கிருந்து எது புறப்படும் என்பது விளங்கிவிடும், கடலையே பார்க்காத தெருக்களும் அதில் அடங்கும். விழிப்புணர்வு வந்த வேகத்தில் 'மட்கும் பை' என்று எழுதியதையெல்லாம் வாங்கிக் குவிப்பது இன்னொரு தவறு. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மட்கும் என்று விற்கப்பட்ட ஒரு பையை மூன்று ஆண்டுகள் கடல்நீரில் போட்டு வைத்தார்கள். அதற்குப் பிறகும் அது கடைச் சாமான்களைத் தாங்கியது.

ஒரு மாதம் கழித்து அதே இடம் பழையபடி கிடந்தால் சோர்ந்துவிடாதீர்கள். மறுபடியும் எண்ணிக் குறித்து, இரண்டு நாள் அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மேலே நிற்கும் பொருள் ஒன்று இருக்கும். உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ அதை வாங்குவது யார், எதற்காக என்று விசாரித்து, அந்த ஒன்றை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள்.